மலைப்பாதையின் வண்டிக்கூலி

கினிகத்தேனையிலிருந்து ஹட்டனை நோக்கி வளைந்து வளைந்து ஏறும் நெடும்பாதையின் ஓரத்தில் ஒரு நாழிகைப் பொழுது நின்று பார்ப்பவர்கள், இரண்டு வகையான லொறிகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டுக் கடந்து செல்வதைக் காண்பார்கள். கீழே இறங்கி வருபவற்றில் தேயிலையும், நுவரெலியாப் பக்கத்துக் கோவாவும் கரட்டும் லீக்ஸும் கிடக்கும். மேலே ஏறிச் செல்பவற்றில் அரிசியும் கோதுமை மாவும் பருப்பும் சீனியும் கருவாடும் உரமூட்டைகளும் அடுக்கப்பட்டிருக்கும். இரண்டும் எரிப்பது ஒரே டீசல்தான். இரண்டும் செலுத்துவது ஒரே வரிதான். ஆயினும் அந்த வண்டிக்கூலி கடைசியாக யார் தலையில் இறங்குகிறது என்று ஆராயப் புகுந்தால், மலையகத்தின் பொருளாதார சரித்திரம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிக் கிடப்பதை உணரலாம்.

தேயிலையின் விலை தோட்டத்திலே தீர்மானிக்கப்படுவதில்லை. 1883ஆம் ஆண்டு ஜூலை 30ஆந் தேதி கொழும்பில் முதன்முதலாக நடந்த பகிரங்க ஏலத்திலிருந்து இன்றுவரை, ஏலத்தில் விலை கேட்பவர்கள் வெளிநாட்டுச் சந்தைகளின் போக்கை உத்தேசித்துக் கேட்கிறார்களேயன்றி, அந்தப் பெட்டி மலையிலிருந்து இறங்கி வர எத்தனை லீற்றர் எண்ணெய் எரிந்தது என்று விசாரிப்பதில்லை. ஆகையால் கீழிறங்கும் வண்டிக்கூலி எவ்வளவு ஏறினும் அதைத் தேயிலையின் விலையோடு கூட்டிக்கொள்ளத் தோட்டத்தால் முடியாது. கிடைத்த வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளத்தான் முடியும். அவ்வாறு கழிக்க நேரும்போது தோட்ட நிர்வாகத்தின் பார்வை முதலில் விழுவது தன் செலவினங்களில் மிகப் பெரியதாகிய தொழிலாளர் கூலியின்மீதே. மேலேறும் சரக்கின் விஷயமோ நேர்மாறானது. அரிசிக்கும் மாவுக்கும் கொடுத்த வண்டிக்கூலியைக் கடைக்காரர் தம் விலையோடு கூட்டிவிடுகிறார். கூட்டாவிட்டால் அவர் கடை நடவாது. ஆக, இறங்கும் வண்டியின் கூலி உயராத சம்பளமாகவும், ஏறும் வண்டியின் கூலி உயர்ந்த விலையாகவும் மாறி, இரண்டும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரே லயத்தின் வாசலில் வந்து சேருகின்றன. மாட்டுவண்டிக் காலம் தொடங்கி இருப்புப் பாதைக் காலம் வழியாக லொறிக் காலம் வரையில், எரிபொருள் மாறியது, வரியின் பெயர் மாறியது. கணக்கு வந்து முடியும் இடம் மட்டும் மாறவில்லை.

கண்டி இராச்சியத்தின் நாட்களில் தவளம் என்று வழங்கிய பொதிமாட்டுக் கூட்டங்களே மலைநாட்டுக்கு உப்பையும் கருவாட்டையும் கொண்டு சேர்த்தன. ஆங்கிலேயர் 1815இல் கண்டியைக் கைப்பற்றிய பின்னர், தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே பெரும்பாதை அமைக்க முற்பட்டார். கடுகண்ணாவைக் கணவாயில் அந்தப் பணியை நடத்திய கப்டன் டோசனின் ஞாபகமாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் அங்கே நிற்கிறது. இராணுவ நோக்கத்தோடு போடப்பட்ட அந்தப் பாதையில் சில வருஷங்களுக்குள் காப்பி மூட்டைகளை ஏற்றிய மாட்டுவண்டிகள் நிரை நிரையாக இறங்கத் தொடங்கின. திரும்பி ஏறும் வண்டிகளில், தமிழ்நாட்டிலிருந்து கடல்கடந்து, நடந்து வந்து காப்பித் தோட்டங்களில் சேர்ந்த ஜனங்களுக்கான அரிசி வந்தது. அந்த அரிசி இந்தியாவிலிருந்தும் பிற்காலத்தில் பர்மாவிலிருந்தும் கப்பலேறி வந்ததாகும். அவ்வியாபாரத்தில் கொழும்புச் செட்டியார் தெருவின் நாட்டுக்கோட்டை வணிகர்கள் பிரதான ஸ்தானம் வகித்தனர்.

மாட்டுவண்டிக்கும் எரிபொருள் உண்டு. அது புல்லும் வைக்கோலும் கொள்ளும். மழைக்காலத்தில் பாதை சேறாகிவிட்டால் மாடுகள் கால் ஊன்ற மாட்டா. கொள்ளைநோய் பரவினால் வழிநெடுகிலும் அவை விழுந்து மடியும். காப்பி அறுவடை முடிந்து தோட்டங்கள் யாவும் ஒரே சமயத்தில் வண்டி தேடும் மாதங்களில் வண்டிக்கூலி உயரும். ஆகவேதான் 1854இல் கண்டியில் தோட்டக்காரர் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டபோது, இந்தியத் தொழிலாளரின் வருகையோடு பாதை வசதியும் அதன் முதன்மையான கவலைகளுள் ஒன்றாயிற்று.

பாதை போடப் பணம் வேண்டும். பணத்துக்கு வரி வேண்டும். 1848இல் தேசாதிபதி டொரிங்டன் பிரபுவின் ஆட்சியில் வந்த தெருக் கட்டளைச் சட்டம், வயதுவந்த ஆண்கள் ஆண்டுதோறும் ஆறு நாட்கள் பாதை வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும் என்று விதித்தது. காப்பித் தோட்டங்களின் சரக்கு இறங்குவதற்காகத் தாங்கள் ஏன் மண் சுமக்க வேண்டும் என்று கிராமத்துச் சிங்கள விவசாயிகள் கேட்டதில் நியாயம் இருந்தது. அவ்வருஷம் மாத்தளையிலும் கண்டிப் பகுதியிலும் மூண்ட கிளர்ச்சிக்கு அந்தச் சட்டமும், துப்பாக்கி, நாய், கடை ஆகியவற்றின்மீது விதிக்கப்பட்ட மற்ற வரிகளும் சேர்ந்தே காரணமாயின. போக்குவரத்தின் செலவு யார் தலையில் விழ வேண்டும் என்ற தர்க்கம் இந்நாட்டில் இரத்தம் சிந்தியது அதுவே முதல் தடவை. கடைசித் தடவை அன்று என்பதைப் பின்னர் காண்போம்.

மாட்டுவண்டியின் தாமதத்தைப் பொறுக்காத தோட்டக்காரர்கள் இருப்புப் பாதை கேட்டார்கள். 1858ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தேசாதிபதி ஹென்றி வோர்ட் முதல் மண்ணை வெட்டி அப்பணியை ஆரம்பித்து வைத்தார். அதன் செலவுக்கென்று காப்பி ஏற்றுமதியின்மீது தனித் தீர்வை ஒன்றும் சுமத்தப்பட்டது. 1867இல் புகைவண்டி கண்டியை எட்டியது. அதே 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டு வருஷங்கள் கழித்துத் தலைகாட்டிய இலைநோய் காப்பியை அழிக்க, காப்பிக்காக அமைந்த பாதை தேயிலைக்குச் சொந்தமாயிற்று. 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா என்று தண்டவாளம் மலையேறியது. ரம்புக்கனையில் பின்னாலிருந்து தள்ளுவதற்கு இன்னோர் இயந்திரத்தைப் பூட்டிக்கொண்டு, கடல்கடந்து வந்த நிலக்கரியை எரித்துக் கரும்புகை கக்கியவாறு புகைரதம் கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சுவாங்கிற்று. மாட்டின் உணவு போய்ச் சுரங்கத்தின் கரி வந்தது. முன்னையது வழியோரத்தில் விளைவது. பின்னையது கடல்கடந்த சந்தையின் விலைக்குக் கட்டுப்பட்டது. மலைநாட்டுப் போக்குவரத்தின் செலவு அந்நிய தேசத்து நிகழ்ச்சிகளால் நிர்ணயிக்கப்படும் காலம் அப்போதே பிறந்துவிட்டது.

அக்காலத்தில் டீசல் வரி என்பது இல்லை. ஆனால் அரிசி வரி இருந்தது. உள்நாட்டு நெல்லின்மீது நெல்வரியும், வெளிநாட்டு அரிசியின்மீது இறக்குமதித் தீர்வையும் அறவிடப்பட்டன. 1880களில் நெல்வரி நிலுவைக்காக நுவரெலியாவுக்கு அடுத்த வலப்பனைப் பகுதியில் ஏழை விவசாயிகளின் வயல்கள் விற்கப்பட்டு, குடும்பங்கள் நிலமிழந்து நலிந்தன. நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் அந்த அவலத்தை மேலிடத்துக்கு எடுத்துரைத்தார். நீண்ட வாதப் பிரதிவாதங்களின் பின்னர், தேசாதிபதி ஹவ்லொக்கின் காலத்தில் 1892இல் நெல்வரி நீக்கப்பட்டது. அது நீங்கியது தருமமே. ஆனால் இறக்குமதி அரிசியின் தீர்வை நீங்கவில்லை. வலப்பனையின் வயல்களுக்கு மேலே, தேயிலை மலைகளில், நெல் விளைவிக்க ஓர் அடி நிலமும் இன்றிக் கப்பலரிசியையே உண்டு வாழ்ந்த தோட்டத் தொழிலாளி, ஒவ்வொரு கவளத்தோடும் அரசாங்கத்துக்கு ஒரு பங்கு செலுத்திக்கொண்டே இருந்தான். அந்த வரிக்கு அவனிடம் ரசீது இல்லை. அவன் பெயர் எந்த வரிப் பட்டியலிலும் ஏறவில்லை. மறைமுக வரியின் இயல்பு அதுவே. அது துறைமுகத்தில் வசூலிக்கப்பட்டு, வண்டியில் ஏறி, சோற்றுப் பானையில் வந்து முடிவது.

புகைவண்டிக்கும் லொறிக்கும் நடந்த போட்டியை அறிய விரும்புகிறவர்கள் உடப்புசல்லாவைப் பாதையின் வரலாற்றை அறிய வேண்டும். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரையில், தோட்டங்களின் தேயிலையை இறக்குவதற்காகவே ஒரு குறுகிய இருப்புப் பாதை போடப்பட்டது. 1903இல் அது நுவரெலியாவையும் 1904இல் இராகலையையும் அடைந்தது. நானுஓயாவில் அகலப் பாதையின் பெட்டிகளுக்குச் சரக்கை மாற்றி ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு கூலி, அதில் ஒரு தாமதம். மோட்டார் லொறியோ தொழிற்சாலையின் வாசலுக்கே வந்து பெட்டிகளை ஏற்றி, கொழும்பில் பண்டகசாலையின் வாசலிலேயே இறக்கியது. அந்தச் சௌகரியத்தின் முன் சின்னப் புகைவண்டி நிற்க முடியாமல், 1940களின் தொடக்கத்தில் சேவையை இழந்தது. அன்று அதைக் காலத்தின் இயல்பான முன்னேற்றம் என்றே யாவரும் கருதியிருப்பர். எண்ணெய் மலிவாக இருந்தவரையில் அந்த எண்ணம் பொய்யுமன்று. ஆனால் ஒரே இயந்திரம் இழுத்த பாரத்தைப் பல லொறிகள் பகிர்ந்துகொண்டபோது, மலைநாட்டின் சோறும் தேயிலையும் எண்ணெயின் விலையோடு முன்னிலும் இறுக்கமாகக் கட்டப்பட்டன. 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா வழங்கிய டீசல் இயந்திரங்கள் வந்தபின், தண்டவாளமும் தார்ப்பாதையும் ஒரே எண்ணெயைக் குடிக்கலாயின.

இடையே நடந்த ஒரு காரியத்தை இங்கே நினைவுகூர்வது அவசியம். 1927ஆம் ஆண்டில் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்ச வேதனச் சட்டம் இயற்றப்பட்டது. 1929இல் அதன்படி வேதனம் வகுக்கப்பட்டபோது, மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் பிள்ளைக்கு 32 சதமும் நாட்கூலியாயின. ஆணுக்கும் பெண்ணுக்கும் வேற்றுமை கற்பித்து, பிள்ளைகளையும் வேலைக்காரராகக் கணக்கிட்ட அந்தச் சட்டத்தில் போற்றுவதற்கு அதிகம் இல்லை. எனினும் அதில் ஒரு விவேகம் இருந்தது: கூலியை வகுத்த அந்தச் சட்டத்தின் கீழேயே, தோட்டத்தில் வழங்கப்படும் அரிசியின் விலையும் வரையறுக்கப்பட்டது. கொழும்புத் துறைமுகத்தில் அரிசி என்ன விலை விற்றாலும், அது மலையேற என்ன கூலி ஆனாலும், லயத்துக்கு வரும்போது அதன் விலை இவ்வளவுக்கு மேற்படலாகாது என்பது ஏற்பாடு. உலக மந்த காலத்தில் கூலி குறைக்கப்பட்டபோது அரிசி விலையும் கூடவே குறைக்கப்பட்டது. கூலியும் விலையும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள் என்பதை அந்நிய ஆட்சியே ஒப்புக்கொண்டிருந்தது.

1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அரிசிக் கப்பல்கள் நின்றன. பங்கீட்டு முறை வந்தது. தோட்டத்து அடுப்புகளில் கோதுமை மா ரொட்டி நிலைபெற்றது. சுதந்திரத்துக்குப் பின் 1953இல் அரசாங்கம் அரிசி மானியத்தைக் குறைத்துப் பங்கீட்டரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12ஆந் தேதி நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்து, பிரதமர் டட்லி சேனாநாயக்கா பதவி துறக்க நேர்ந்தது. உணவின் விலை ஆட்சியையே அசைக்கும் என்பதை அப்பொழுது கற்றுக்கொண்ட ஆட்சியாளர்கள், எண்ணெயையும் தம் கைக்குள் கொண்டுவர முற்பட்டனர். 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைந்தது. அந்நியக் கம்பனிகளின் உடைமைகள் அரசுடைமையாயின. நட்டஈடு பற்றிய பிணக்கால் 1963இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. 1964 முதல் எண்ணெய் விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் ஏகபோகமாயிற்று. அன்று தொட்டு எண்ணெயின் விலை வியாபாரக் கணக்காக மட்டுமன்றி அரசாங்கத்தின் கொள்கையாகவும் ஆனது. சில காலம் மானியம் என்ற பெயரால் விலை தாழ்ந்தது; சில காலம் வரி என்ற பெயரால் உயர்ந்தது.

1973ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையைத் தொடர்ந்து, சில மாதங்களுக்குள் உலகச் சந்தையில் மசகெண்ணெயின் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. அதே காலத்தில் உலகில் தானிய விலையும் ஏறியிருந்தது. எண்ணெய்க்கும் உணவுக்கும் ஒரே அந்நியச் செலாவணிப் பையிலிருந்து பணம் எடுக்க வேண்டிய அரசாங்கம், பங்கீட்டு அரிசியைக் குறைத்தது. மாவின் விலை உயர்ந்தது. கிராமத்தவருக்குக் கொல்லையில் ஒரு பலாமரமாவது நின்றது. லயத்தின் முன்னால் தேயிலைச் செடியைத் தவிர வேறெதுவும் நிற்கவில்லை. 1974இல் தோட்டப்புறங்களில் மரண விகிதம் வெகுவாக உயர்ந்தது. பசியால் ஜனங்கள் மாண்டார்கள். எண்ணெய்ச் சூளைகளால் கொழுந்தை உலர்த்திவந்த தொழிற்சாலைகள் பல, விறகுக்குத் திரும்பின. தொழிற்சாலைக்கு ஒரு மாற்று வழி இருந்தது. தொழிலாளியின் வயிற்றுக்கு அப்படி ஒரு மாற்று இருக்கவில்லை. அந்த இரண்டு வருஷங்களைக் கடந்து வந்த முதியோர் இன்றும் அதைப் பஞ்சகாலம் என்றே குறிப்பிடுவது, சரித்திர நூல்களின் அத்தியாயங்களை விடக் கனமான சாட்சியமாகும்.

நம் கண்முன் நடந்த 2022ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளுக்கு விரிவுரை அவசியமில்லை, எண்களே பேசும். ஆண்டின் தொடக்கத்தில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபாய், மார்ச்சில் 176, ஏப்ரிலில் 289, மே மாதத்தில் 400, ஜூன் 26ஆந் தேதி 460. ஜனவரியில் 17 ரூபாயாக இருந்த பஸ் வண்டியின் ஆகக் குறைந்த கட்டணம் ஜூலை முதலாந் தேதி 40 ரூபாயாயிற்று. ஏப்ரில் 19ஆந் தேதி, விலை உயர்ந்த அன்றே, ரம்புக்கனையில் எண்ணெய் கேட்டுக் கூடிய ஜனங்கள்மீது பொலிசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்ய ஓர் உயிர் போயிற்று. மலையேற ஒரு காலத்தில் இரண்டாவது இயந்திரம் பூட்டிய அதே ரம்புக்கனை! ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் லொறிகள் நாட்கணக்கில் வரிசையில் கிடந்தன. ஒரு கிலோ தேயிலைக்கு நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அந்தக் கொழுந்து மலையிலிருந்து தொழிற்சாலைக்குப் பொழுதோடு வந்து சேராவிட்டால் வெம்பிக் கருகும். கோவா வயலிலேயே அழுகும். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயாயிற்று. ஒரு போத்தல் மண்ணெண்ணெயால் விளக்கேற்றியும் அடுப்பு மூட்டியும் வந்த லயத்து வீடுகளுக்கு அந்த ஒரே அறிவிப்பு இருட்டாக இறங்கியது.

அந்த நாட்களில் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாய். அது 2021 மார்ச்சில், டீசல் 104 ரூபாய்க்கு விற்றபோது வகுக்கப்பட்டது. பத்து லீற்றருக்குச் சற்றுக் குறைவான டீசலின் பெறுமதி அப்போது ஒரு நாட்கூலி. அடுத்த ஆண்டு ஜூனில் அதே கூலி இரண்டு லீற்றரைச் சற்றே தாண்டியது. தொழிலாளி டீசல் வாங்குவதில்லையே என்று சிலர் கூறக்கூடும். அவள் வாங்கும் மாவிலும் பருப்பிலும் பிள்ளையின் பஸ் கட்டணத்திலும் டீசல் கரைந்திருக்கிறது. அதிலும் சமவெளியில் ஒரே கியரில் ஓடும் லொறியை விட, ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவை நோக்கி முதலாம் இரண்டாம் கியர்களில் திணறி ஏறும் லொறி, அதே மூட்டைக்கு அதிக எண்ணெய் குடிக்கிறது. லீற்றருக்கு இவ்வளவு என்று நாடு முழுவதும் சமமாக விதிக்கப்படும் வரி, மூட்டைக்கு இவ்வளவு என்று கணக்கிடும்போது மலையில் கூடுதலாகிறது. சட்டத்தின் சொற்களில் சமமாக நிற்கும் வரி, பாதையின் செங்குத்தில் சமத்துவத்தை இழந்துவிடுகிறது.

அரசாங்கத்துக்கு வரி வேண்டாமென்று அறிவுடையோர் கூறார். சுங்கத் தீர்வையும் உற்பத்தி வரியும் துறைமுக அறவீடும் ஏற்கெனவே எண்ணெயின்மீது இருக்க, 2024 ஜனவரி முதலாந் தேதி பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்த்தப்பட்டபோது, அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த பெற்றோலும் டீசலும் அதற்குள் கொண்டுவரப்பட்டன. கடனில் மூழ்கிய திறைசேரி எண்ணெயை நாடுவதற்குக் காரணம் உண்டு: அது சில துறைமுகத் தொட்டிகளின் வழியாக மட்டுமே நாட்டுக்குள் வருவதால் வசூலிப்பது எளிது. வசூலிப்பவருக்கு எளிதாயிருப்பது செலுத்துபவருக்கும் எளிதாயிருக்கும் என்பதற்கு நியதி இல்லை. அரிசித் தீர்வையை விடாது பிடித்துக்கொண்டிருந்த காலனி ஆட்சியும் இதே வாதத்தையே பற்றியிருந்தது.

1848 தொடங்கி நாம் பார்த்துவந்த சரித்திரத்தில் மலைப்பாதையின் செலவு ஒருபோதும் மறைந்ததில்லை; இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. அதை மாற்றியமைக்க இயலும் என்பதற்கும் அதே சரித்திரம் சான்று தருகிறது. எண்ணெயின் விலை இன்று மாதந்தோறும் ஒரு சூத்திரப்படி திருத்தப்படுகிறது. மாதத்தின் கடைசி இரவில் அறிவிக்கப்பட்டு, விடியும்முன் அமலுக்கு வருகிறது. 2021 மார்ச்சில் வகுத்த நாட்கூலியோ, டீசல் நான்கு மடங்குக்கு மேல் ஏறி இறங்கிய அந்தக் காலம் முழுவதும் அசையாமல் இருந்து, 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாயாக மாறியது. ஒரு தட்டு மாதந்தோறும் ஏறியிறங்க, மறுதட்டை மூன்றரை ஆண்டுகள் ஆணியடித்து வைத்திருப்பதைத் தராசு என்று சொல்லலாகாது. எண்ணெய்க்குச் சூத்திரம் எழுத வல்லவர்கள் கூலிக்கும் ஒரு சூத்திரம் எழுத வல்லவர்களே. மாவின் விலையும் பஸ் கட்டணமும் மண்ணெண்ணெய்ப் போத்தலின் விலையும் எந்த அளவுக்கு ஏறுகின்றனவோ, அந்த அளவுக்குக் கூலியும் அதே விடியலில் திருத்தப்படட்டும். இது புதிய தத்துவம் அன்று. 1927ஆம் ஆண்டின் சட்டம், அரைகுறையாகவேனும், அரிசியின் பெயரால் ஒப்புக்கொண்டதுதான். அன்று நாட்டை ஆண்டவர்கள் அந்நியர். கூலியைப் பெற்றவர்களை இந்நாட்டவரென்று சட்டம் கருதவில்லை. இன்று இரண்டும் மாறிவிட்டன. தராசையும் மாற்றுவதற்கு இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்?